முதல் நாள் நோயாளி

கீழக்கரையில் புதிதாகக் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பெண் போன மாதம் எனக்குப் போன் செய்தாள். பக்கவாதம் வந்தவுடன் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்திச் சொட்டுச் சொட்டாக இரத்தம் எடுத்தால் நோய் அங்கேயே நின்றுவிடும் என்று அவளுடைய செல்போனுக்கு யாரோ செய்தி அனுப்பியிருக்கிறார்கள். சீன வைத்தியமாம். வாய் நேராகும் வரை நோயாளியை அசைக்கக் கூடாதாம், அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமாம். "நீங்க செஞ்சு பாத்திருக்கீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"செய்யாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. அக்குபங்சர் படிக்கிற பிள்ளைகள் கொண்டுவரும் மலருக்கு, ஓய்வு பெற்ற நான் என் மகிழ்ச்சியான அனுபவங்களை எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். என்னிடம் இருப்பதைத்தான் எழுத முடியும். பிடித்தால் போடட்டும்.

நான் திருவாடானைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எழுபத்து நாலில் மதுரைக்கு நர்சு படிக்கப் போனேன். படித்து முடித்து ஒன்றிரண்டு ஆஸ்பத்திரிகளில் இரத்த அழுத்தம் பார்த்து, புண் கட்டி, திட்டு வாங்கி, எழுபத்தொன்பதில் ராமநாதபுரம் கேணிக்கரையில் டாக்டர் செல்லத்துரையிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

அவருடைய தகப்பனார் இந்த ஜில்லாவிலிருந்து கொழும்புக்குப் போய்க் கடை வைத்தவர். இவர் அங்கேயே பிறந்து, அங்கேயே ஆங்கில வைத்தியம் படித்து, பிறகு அக்குபங்சரும் படித்து, சீனாவுக்கும் மூன்று மாதம் போய்வந்தவர். தலைமன்னார் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியபோது இரண்டு தகரப் பெட்டி கொண்டுவந்தாராம். ஒன்றில் துணிமணி. மற்றதில் ஊசிகளும், உடம்பில் சூடு காட்டுவதற்கான மூலிகைச் சுருட்டுகளும், உடம்பெல்லாம் கோடு போட்ட ஒரு மனிதப் படமும்.

முதல் மாதம் அவர் என்னை நோயாளியின் பக்கத்தில் விடவில்லை. பஞ்சுப் பொதியில் குத்தச் சொன்னார். பிறகு சாத்துக்குடியில், சாறு வராமல். பிறகு என்னுடைய சொந்தக் காலில். முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் தள்ளி வெளிப்பக்கம் குத்திக்கொண்டு, ஊசியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்ட வேண்டும். "பிடிச்சுதா?" என்று கேட்பார். வலிக்கிறது என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒருநாள் ஊசியைத் தசை உள்ளேயிருந்து பற்றுவது போலவும், பாரமான ஒன்று பாதம் வரைக்கும் ஓடுவது போலவும் இருந்தது. நான் சொல்வதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தே, "ஆ, பிடிச்சிட்டுது" என்றார். அக்காள்மடத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மீன்காரர் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்: "தூண்டில்ல மீனு வந்து கொத்துதுல்ல, அப்ப கயித்துல ஒரு கனம் தெரியும். அதுதாம்மா."

அந்தக் காலத்தில் ஊசிகளை எறிவதில்லை. ஒவ்வொன்றையும் பஞ்சில் இழுத்துப் பார்த்து, பஞ்சு சிக்கினால் சாணைக் கல்லில் மெதுவாகத் தீட்டி, நீராவியில் வேகவைத்துத் திரும்பவும் எடுப்போம். குத்தும்போது டாக்டர் வாய்விட்டு எண்ணுவார். எடுக்கும்போது நான் வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ணிக்கை சேரவில்லை என்றால் நோயாளி கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. ஒருநாள் ஒன்று குறைந்து, அரை மணி நேரம் தேடி, கடைசியில் அது டாக்டருடைய சட்டைக் கையிலேயே குத்தியிருந்தது. அவர் சிரிக்கவில்லை. "என்னையும் எண்ணியிருக்க வேணும் பிள்ளை" என்றார்.

எங்களிடம் வந்தவர்களில் பாதிப்பேர் கை கால் விழுந்தவர்கள். சீனர்கள் பக்கவாதத்துக்கு வைத்திருக்கும் பெயருக்குக் காற்றடி என்று அர்த்தம். நம்முடைய வாதமும் காற்றுதானே என்று நான் கேட்டேன். டாக்டருக்கு அது பிடித்திருந்தது. ஈரலில் சூடு மிஞ்சினால் உள்ளே காற்றுக் கிளம்பும், அது கபத்தையும் அள்ளிக்கொண்டு தலைக்கு ஏறும், வழிகள் அடைபடும், அடைபட்ட பக்கம் விழும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. இதையெல்லாம் சொல்லிவிட்டு அவரே சொல்வார்: "உடம்புக்குள்ளே காத்துமில்லை, ஒண்டுமில்லை. மூளையில இரத்தக் குழாய் அடைக்குது, இல்லாட்டி வெடிக்குது. ஆனா இந்தக் கணக்கை வச்சுக்கொண்டு எத்தனையோ தலைமுறையா நோயாளியை உத்துப் பாத்திருக்கிறாங்கள். பாத்தது மெய். சொன்ன காரணம் மெய்யோ எண்டு என்னைக் கேக்காதை. விளங்குதா?"

உற்றுப் பார்ப்பது என்றால் அவர் பார்ப்பதுதான். நாக்கை நீட்டச் சொல்லி எந்தப் பக்கம் கோணுகிறது, மேலே படிந்திருப்பது வெள்ளையா மஞ்சளா, கனமா என்று பார்ப்பார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பிடிப்பார். எல்லாவற்றுக்கும் மேலாகக் கையைப் பார்க்கச் சொல்லுவார். விழுந்த நேரத்தில் பல்லைக் கடித்து முஷ்டியை மூடியிருந்தால் அது மூடிய வகை. கை விரிந்து, வாய் திறந்து, சிறுநீர் தானாகப் போயிருந்தால் திறந்த வகை. மூடியிருந்தால் உள்ளே இன்னும் சண்டை நடக்கிறது. திறந்துவிட்டால் உயிர் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுப்பது மூடிய வகைக்கு மட்டும்தான் சீனப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அதை எப்படிச் செய்வதென்று எனக்குச் செய்தும் காட்டினார். காட்டிவிட்டு, "இது ஆஸ்பத்திரி இல்லாத ஊருக்கு எழுதினது பிள்ளை, நமக்கு எழுதினதில்லை" என்றார்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. கை கால் விழுந்து முதல் நாள் ஒருவரும் நம்மிடம் வரக் கூடாது. வந்தால் அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பத்துப் பதினைந்து நாள் கழித்து, அங்கே விட்டுவிட்டார்கள் என்றால், அப்போது நம்முடைய வேலை.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் ஊரில் ஒரு துணிக்கடைக்காரரைக் காலையிலேயே தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் வெறுங்காலோடு வாசலுக்கு ஓடி, கண்ணையும் அழுத்தத்தையும் பார்த்து, தன்னுடைய காரிலேயே ஏற்றினார். கூட வந்தவர்கள் சண்டைக்கு நின்றார்கள். "அங்க போனா குளுக்கோஸ் பாட்டிலத் தொங்கவிட்டுட்டுப் போயிருவாங்க. ரெண்டு ஊசி போட ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றார் கடைக்காரரின் அண்ணன்.

"போடலாம்" என்றார் டாக்டர். "போட்டா நீங்க உக்காந்து பாத்துக்கொண்டிருப்பீங்க. ஊசி ஆளைக் கொல்லாது. அந்தக் காத்திருப்புத்தான் கொல்லும்."

அந்த மனிதர் அன்று மாலையே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கொழும்பு டாக்டர் வைத்தியம் பார்க்க மாட்டேன் என்று விரட்டிவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆறு மாதம் கூட்டம் குறைந்தது. அவர் சட்டத்தை மாற்றவில்லை. அன்றைக்கு எனக்கே அவர்மேல் கொஞ்சம் கோபம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ராக்காயி என்ற அம்மாள் வந்தது அதற்கடுத்த வருடம். சத்திரக்குடி பக்கத்துக் கிராமம், மிளகாய் விவசாயம். இடது பக்கம் விழுந்து பன்னிரண்டாம் நாள், மருமகள் பஞ்சவர்ணம் கூட்டிவந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம் கூட ஆகாத பெண். மாமியாரை இடுப்பில் அணைத்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் வருவாள்.

இடது பக்கம் விழுந்தால் தலையில் வலது பக்கம் குத்த வேண்டும். உச்சியிலிருந்து காதோரம் வரைக்கும் சாய்வாக ஒரு கோடு. ஊசியைத் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே படுக்கவைத்து ஓர் அங்குலம் உள்ளே செலுத்தி, நிமிடத்துக்கு இருநூறு தடவை உருட்ட வேண்டும். உருட்டும்போது நோயாளி விழுந்த காலைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும், தூக்க முடியாவிட்டாலும் தூக்குவதாக நினைக்க வேண்டும். அப்புறம் கையில், தோள்பட்டைக் குழி, முழங்கை மடிப்போரம், கட்டை விரல் சந்து. காலில், இடுப்பு, முழங்காலுக்குக் கீழே இரண்டு இடம். டாக்டருக்கு விரலில் வாதவலி வந்த பிறகு உருட்டுவதெல்லாம் நான்தான். என் வலது கட்டை விரலில் இன்றைக்கும் காய்ப்பு இருக்கிறது. கப்பல் நின்றுபோய்ச் சீனச் சுருட்டு வராமல் போனதும், மாசிபத்திரித் தழையைக் காயவைத்து இடித்து நாங்களே சுருட்டினோம். கிளினிக் முழுக்கப் பீடிப் புகை மாதிரி ஒரு வாடை.

ஒன்பதாம் நாள் ராக்காயியின் இடது கால் பெருவிரல் அசைந்தது. மூன்று மாதத்தில் கம்பு ஊன்றி நடந்தாள். குழறிய பேச்சும் திருந்தியது. கடைசி நாள் பஞ்சவர்ணம் ஒரு பை நிறைய முண்டு மிளகாய் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாமியார் காதில் விழாமல், "ஊசிக்காரம்மா, எங்க அத்தைக்குக் கால நல்லாக்குனீகளே, அதுக்கு ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். வாயையும் சேத்து நல்லாக்கிட்டீகளே, அதுக்குத்தான் என்ன செய்யன்னு தெரியல" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த அம்மாள் அதற்குப் பிறகு பதினொரு வருடம் மருமகளைத் திட்டிக்கொண்டு உயிரோடு இருந்தாள்.

நான் டாக்டரிடம் பெருமையாகப் பேசினேன். அவர் கை கழுவிக்கொண்டே, "முதல் மூணு மாசம் ஊசி குத்தாட்டியும் கொஞ்சம் தானா வரும் பிள்ளை. எது நம்மால வந்தது, எது தானா வந்தது எண்டு பிரிச்சுச் சொல்ல எனக்கும் தெரியாது. உனக்குத் தெரியுமெண்டு நினைக்காதை" என்றார். காதில் வாங்கினேன். மனசில் வாங்கவில்லை.

தொண்ணூற்றெட்டில் டாக்டருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. கிளினிக்கை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குத் திருச்சிக்குப் போனார். வாங்கியவர் பெயர் ஜெயபால். மருந்துக் கம்பெனியில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தவர், தபாலில் ஆறு மாதம் படித்து ஒரு சான்றிதழ் வைத்திருந்தார். எல்லாரும் டாக்டர் என்று கூப்பிட வேண்டும் என்பது அவருக்கு முக்கியம். எல்லாவற்றிலும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒருமுறை குத்தி எறியும் ஊசியைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால் வாசல் பலகையில் 'பக்கவாதமா? முதல் நாளே வாருங்கள்' என்று எழுதியவரும் அவர்தான். நான் ஆட்சேபித்தேன். "பழைய டாக்டர் பயந்தவரு சிஸ்டர். நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்?" என்றார். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. பலகை அப்படியே இருந்தது.

இரண்டாயிரத்து ஐந்து, மாசி மாதம், மிளகாய்ப் பழம் எடுக்கிற சமயம். பஞ்சவர்ணத்தின் கணவர் முனியசாமி காலை எட்டேகாலுக்குக் களத்தில் சாக்கைத் தூக்கியவர், சாக்கு கையிலிருந்து நழுவ அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தாறு வயது. பஞ்சவர்ணத்தின் தம்பி கருப்பையா சொந்தமாக வேன் வைத்து ஓட்டுகிறவன், அன்றைக்கு ஊரில்தான் இருந்தான். ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிட்டார்கள். அவர்கள் ஊர் விலக்கில் வந்து மெயின் ரோட்டில் ஏறினால், மேற்கே திரும்பினால் மதுரை, ஒன்றரை மணி நேரம். கிழக்கே திரும்பினால் நாங்கள், அரை மணி நேரம்.

ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் வேன் நின்றது. "ஊசிக்காரம்மா இருக்காகளா?" என்று பஞ்சவர்ணம் கத்தியதை வைத்தே எனக்குக் குரல் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் வேனுக்குள் ஏறிப் பார்த்தேன். வாய் இடது பக்கம் இழுத்திருந்தது. வலது காலைக் கிள்ளினேன், அசைவில்லை. பேச முயன்றார், 'ம்மா ம்மா' என்ற சத்தம்தான் வந்தது. அழுத்தம் இருநூறுக்கு மேலே. வேட்டி நனைந்திருந்தது. வலது கை மல்லாந்து, ஐந்து விரலும் விரிந்து கிடந்தது.

இருபத்தைந்து வருடமாகப் பார்க்கப் பழகிய கை அது. பார்த்ததும் தெரிந்தது.

கருப்பையா ஸ்டியரிங்கை விடாமல், "அக்கா, மதுரைக்கே போயிருவோம்க்கா. நான் வண்டிய அணைக்கல. அங்கன பெரிய ஆஸ்பத்திரி இருக்குல்ல" என்றான்.

"ஏலே சும்மா இரு. எங்க அத்தைய நடக்க வச்ச கையிடா இது. நீங்க சொல்லுங்கம்மா" என்றாள் பஞ்சவர்ணம்.

ஜெயபால் வாசலுக்கு வந்து, "எதுக்கு நிக்கிறீங்க, உள்ள கொண்டாங்க" என்றார். யாரும் அசையவில்லை. அவர் சொல்லியும் அவர்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதலாளிக்குப் பயந்து வாய் திறக்கவில்லை என்று நான் பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பயமில்லை. சத்தம் கேட்டுத் தெரு முழுக்கச் சுற்றி நின்று என் கையைப் பார்க்கிறது, முதலாளி பேச்சை விட்டுவிட்டு என் பேச்சுக்குக் காத்திருக்கிறது. அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. "உள்ள கொண்டாங்க" என்றேன்.

விரலை அடியிலிருந்து நுனிக்கு நீவி, ஸ்பிரிட் துடைத்து, நகத்துக்குப் பக்கத்தில் நுனியில் ஒரு குத்து. பிதுக்கினால் இரண்டு மூன்று சொட்டு. வலது கட்டை விரலில் ஆரம்பித்தேன். இரத்தம் கறுத்து வந்தது. இடது கைக்கு மாறி இரண்டாவது விரலில் குத்தும்போது முனியசாமி, "தண்ணி" என்றார்.

தெளிவாகச் சொன்னார். பஞ்சவர்ணம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். வலது கை விரல்கள் லேசாக மடங்கின. ஜெயபால் ஓடிப்போய்க் கேமராவை எடுத்துவந்து போட்டோ பிடித்தார். பத்து விரலும் முடிவதற்குள் "பஞ்சு" என்று மனைவி பெயரையும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் கருப்பையா வெளியே போய் வேனை அணைத்தான். அந்த இன்ஜின் சத்தம் நின்றது இன்னும் எனக்குக் கேட்கிறது.

இந்த நோயில் சில பேருக்கு முதல் சில மணி நேரம் அப்படித்தான், கொஞ்சம் தெளியும், திரும்ப விழும், ஊசி இல்லாமலே. எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தது அத்தனையும் அந்த ஒரு 'தண்ணி'யில் போய்விட்டது. தண்ணீர் கொடுக்காமல் பஞ்சால் உதட்டை நனைக்கிற அளவுக்குத்தான் புத்தி மிச்சமிருந்தது. தலையில் குத்தினேன், உருட்டினேன். பதினொரு மணிக்கு அவர் தூங்கினார். வந்துபோகிறவர்களையெல்லாம் ஜெயபால் கூப்பிட்டுக் காட்டினார்.

இரண்டு மணிக்கு மேல் குறட்டை ஆரம்பித்தது. தூக்கத்துக் குறட்டை இல்லை அது, கன்னம் உப்பி உப்பி விழுகிற மூச்சு. எழுப்பினேன், எழவில்லை. "தூங்கட்டும் சிஸ்டர், அசந்துபோயிருக்காரு" என்றார் ஜெயபால். நான் வெளியே போய்க் கருப்பையாவை எழுப்பி வண்டியை எடுக்கச் சொன்னேன். நானும் ஏறிக்கொண்டேன். மதுரை போய்ச் சேர ஐந்து மணி ஆகிவிட்டது.

அவசரப் பிரிவில் இளவயது டாக்டர் ஒரு பெண். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"

"எட்டேகாலு" என்றாள் பஞ்சவர்ணம்.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இவ்வளவு நேரம் எங்கம்மா இருந்தீங்க?"

"வைத்தியம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

டாக்டர் அவருடைய கையைத் திருப்பிப் பார்த்தாள். பத்து விரல் நுனியிலும் கரும்புள்ளி. "இது யாரு செஞ்சது?"

நான் வெள்ளைச் சேலையில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். "ஊர்ல யாரோ செஞ்சிருக்காங்க டாக்டர்" என்றேன்.

பஞ்சவர்ணம் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். தாங்கள் திட்டு வாங்காமல் இருக்கத்தான் ஊசிக்காரம்மா அப்படிச் சொல்கிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டது பிறகு தெரிந்தது.

ஸ்கேனில் பெரிய குழாய் ஒன்றில் அடைப்பு. பஞ்சவர்ணமும் தம்பியும் மருந்துக் கடை வரிசையில் நின்றபோது அந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நான் நர்சு என்பது தெரிந்திருக்க வேண்டும். "மூணு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா கட்டியக் கரைக்கிற ஊசி இருக்கு. எல்லாருக்கும் போட முடியாது, போட்டாலும் எல்லாருக்கும் கேட்காது. ஆனா யோசிக்கவாவது வழி இருந்திருக்கும். இப்ப ஒண்ணுமில்ல" என்றாள். அந்த வார்த்தையை அவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்லத்தான் என்னிடம் சொன்னாள். நான் சொல்லவில்லை.

இருபத்திரண்டு நாள் கழித்து முனியசாமி உயிரோடு வீட்டுக்கு வந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு வரவில்லை. "நம்மகிட்டப் பேசினவுகள மதுரையில கொண்டுபோய்க் கெடுத்துட்டாகம்மா" என்று பஞ்சவர்ணம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

திருச்சிக்குப் போன் செய்து டாக்டர் செல்லத்துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "கை எப்பிடி இருந்தது பிள்ளை? மூடியா, திறந்தா?"

"திறந்து இருந்துச்சு சார்."

பிறகு போனை வைக்கும் ஒலி கேட்டது. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அடுத்த வருடம் காலமாகிவிட்டார்.

வேலையை விட்டேனா என்றால், இல்லை. இன்னும் நான்கு வருடம், ஓய்வு பெறும் வரை, அதே ஜெயபாலிடம்தான் இருந்தேன். முதல் நாள் நோயாளி வந்தால் வாசலிலேயே மறித்து மதுரைக்குத் திருப்பிவிட்டேன். அதற்காக அவரோடு வாராவாரம் சண்டை. பழைய டாக்டரின் சட்டத்தை ஒரு மனிதரைப் பலி கொடுத்த பிறகு நான் காப்பாற்றினேன். ஜெயபாலோ முனியசாமியின் போட்டோவைப் பெரிதாக்கி, 'பேச்சு வந்த அதிசயம்' என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தட்டி வைத்தார். ஒரு வருடம் அது அங்கேயே இருந்தது. தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சத்திரக்குடிக்குப் பஸ் ஏறி முனியசாமிக்கு வீட்டிலேயே ஊசி போட்டுவந்தேன். கால் மரக்கட்டை மாதிரி விறைத்துவிட்டது. உருட்டி உருட்டிப் பார்த்தும் பிடிக்கவில்லை. பஞ்சவர்ணம் ஒவ்வொரு வாரமும் எனக்கு மீன் வாங்கிக் குழம்பு வைத்திருப்பாள். அதைச் சாப்பிடுவதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

ஓய்வு பெற்றதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவதென்று போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பஞ்சவர்ணம், அன்னைக்கு அவர உள்ள கொண்டாரச் சொன்னேன்ல. அது தப்பு. அப்படியே மதுரைக்கு அனுப்பியிருக்கணும். பாத்ததுமே எனக்குத் தெரியும்."

அவள் கிள்ளுவதை நிறுத்தவில்லை. மதுரை டாக்டர் என்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். விரலில் குத்தியது யாரென்று கேட்டபோது நான் பொய் சொன்னது அவர்களுக்காக இல்லை என்பதையும் சொன்னேன்.

"அந்த டாக்டரம்மா ஒங்ககிட்ட அன்னைக்கேவா சொன்னாக?"

"அன்னைக்கேதான்."

"நாலு வருசமா வாரீக, போறீக." காம்பு கிள்ளும் கை நின்றது. "எந்தம்பி இந்த வாசல மிதிச்சு நாலு வருசமாச்சு. அன்னைக்கே மதுரைக்குப் போயிருக்கலாம்னு ஒரே ஒரு தடவதான் சொன்னான். ஊசிக்காரம்மாவயாடா கொறை சொல்றன்னு தெருவுல வச்சு வாரியல எடுத்து அடிச்சேன். அவன் பொண்ணு சடங்குக்குக்கூட நான் போகல."

"நான் போய்க் கருப்பையாகிட்டச் சொல்றேன்."

"அவன்கிட்டச் சொல்லி என்ன செய்ய? விலக்குல வண்டிய நிறுத்தி, எந்தப் பக்கம்க்கான்னு கேட்டான். கெழக்க திருப்புடான்னு சொன்னது நான்ல."

"ஒனக்கு என்ன தெரியும்? எனக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு. பாவம் எம்மேலதான்."

"மதுரைக்காரவுக கெடுத்துட்டாகன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்படியே இருந்திட்டுப் போயிருப்பேன்." அவள் அழவில்லை. மிளகாய்க் கையால் கண்ணைத் துடைக்கக் கூடாதே என்பது போல இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். "நீங்க சொல்லிட்டீக. ஒங்களுக்கு எறங்கிருச்சு. நான் இத யாருகிட்ட எறக்கி வைப்பேன்?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்ட வேண்டும், நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். அவள் எழுந்து கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அந்தப் பக்கம் புடிங்க" என்றாள், என்னைப் பார்க்காமல்.

நான் இடுப்பைப் பிடித்தேன். அவள் தோளைப் பிடித்தாள். ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். அப்போதுதான் பார்த்தேன், கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியேதான் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியிருந்தோம். அவர் கண் திறந்திருந்தது, இரண்டு கன்னமும் நனைந்திருந்தன. பேச்சுத்தான் போயிற்றே தவிர, காது போகவில்லை.

அவருக்கு மிச்சமிருந்த இடது கை மெதுவாக எழுந்தது. தேடிப்போய்ப் பஞ்சவர்ணத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அவள் அந்தக் கையின்மேல் நெற்றியை வைத்து, நான்கு வருடத்தில் நான் ஒருதரமும் கேட்டிராத குரலில் அழுதாள். அவர் பிடியை விடவில்லை. அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்ப்பார் என்று நின்றுகொண்டே இருந்தேன். கோபமாகவாவது பார்க்கட்டும் என்று நின்றேன். அவர் பார்க்கவில்லை.